மேல்வீட்டு மோட்டாரும் என் மெஷினும்

ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழே நானும் கணவரும் மகளும். தெருவில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. எச்.எம். மேடம் என்று கூப்பிட்டால்தான் முகம் தெளியும். குடிவந்த புதிதில் நானும் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு டீச்சர் என்று மாற்றிக்கொண்டேன். வீட்டைக் காலி செய்கிறவரை வேறு மாதிரி கூப்பிடவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா படித்தவள். மேற்குத் தாம்பரத்தில் யு.பி.எஸ். சர்வீஸ் செய்யும் கடையொன்றில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். ஆனாலும் கெட்டுப்போன போர்டுகளைக் கடைக்காரர் வீட்டுக்கே அனுப்புவார். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பேன். கணவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விட்டார்கள். அங்கேதான், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெஷின் யார் கையும் படாமல் இரும்பைச் செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கையில் பொரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடியை விட்டு நகராமல் நின்றேன்.

“வா, பஸ் கிளம்பப் போகுது” என்றார் கணவர்.

“இதுல சின்னதா ஒண்ணு வீட்டுல செய்ய முடியுமா?”

“இதையா?”

“சின்னதா.”

அவர் சிரித்தார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

முடிந்தது. அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தேன். ரிச்சி தெருவில் பழைய ஜெராக்ஸ் மெஷின்களைப் பிரித்துக் கொட்டியிருந்த குவியலில் மோட்டார்களைப் பொறுக்கினேன். மேசை டிராயருக்குப் போடும் ஸ்லைடுகள், நீளமாக மரை வெட்டிய கம்பிகள், கூடுவாஞ்சேரி மரக்கடையில் அறுத்து வாங்கிய பலகைகள், யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு கம்ப்யூட்டர். பழைய கம்ப்யூட்டர்களின் பின்னால் பிரிண்டரைச் சொருகுவதற்கு அகலமான சாக்கெட் ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் ஒரு மென்பொருள் என் மோட்டார்களுக்கு மின்துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் இம்மியளவு திரும்பும்.

முதலில் ஒரு மோட்டார் திரும்பவே இல்லை. குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. அதிலிருந்து வரும் ஒயர்களில் எது எதற்கு ஜோடி என்று மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றிக் கொடுத்ததும் திரும்பியது, ஆனால் எதிர்ப்பக்கமாக. மகள் வரைந்த யானையைத்தான் முதன்முதலில் வெட்டினேன். தும்பிக்கை மறுபக்கம் பார்த்தபடி வந்தது.

“இது வேற யானைம்மா” என்றாள்.

மென்பொருளில் ஓர் இடத்தைத் திருத்தியதும் அவளுடைய யானையே வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்கு ஓடினாள். டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

கார் ஷெட்டை மெஷினுக்குக் கேட்டபோது மறுக்காமல் கொடுத்தவர் அவர். அதை நான் ஒளிக்கவில்லை. அப்போதெல்லாம் அவருக்கு என்மேல் பிரியம்தான். வருகிறவர்களிடம், “கீழ்வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்லயே மரம் செதுக்கறா” என்று சொல்வார். அன்று யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்கிட்ட ஒரு தேக்குப் பலகை இருக்கு. வீட்டுப் பேரை எழுதித் தரியா?” என்று கேட்டார். வீட்டின் பெயர் முல்லை இல்லம். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன்.

வெட்டுகிற நாளை ஞாயிற்றுக்கிழமை என்று அவரே முடிவு செய்தார். அன்று ஷெட்டுக்குள் ஆறேழு நாற்காலிகள் போட்டிருந்தன. அவரோடு வேலை பார்த்த டீச்சர்கள், அடுத்த வீட்டு அம்மா, எதிர்வீட்டுத் தம்பதி. எல்லோருக்கும் காபி. எனக்குக் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ரூட்டரைப் போட்டேன். மரத்தில் ஓரம் வெட்டுவதற்குத் தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதைத்தான் மெஷினின் தலையில் பூட்டியிருந்தேன். போட்டதும் காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ‘மு’ அழகாக விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

‘ல்லை’ பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது.

தலை ஓடும் பாதையின் இரண்டு கோடியிலும் சின்னச் சின்ன சுவிட்சுகள் வைத்திருந்தேன். தலை எல்லை தாண்டிப் போய் முட்டினால் சுவிட்ச் அழுந்தும். மென்பொருள் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காவலுக்கு வைத்தது அது. அன்று தலை பலகையின் நடுவில் இருந்தது. எதுவும் எதையும் தொடவில்லை. ஆனால் திரையில், எல்லை சுவிட்ச் அழுந்திவிட்டது என்று சிவப்பாக வந்தது. அவசரத்தில் அதை அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட விட்டேன். அப்படி ஓட விடக்கூடாது. நின்ற அதிர்ச்சியில் மெஷின் தன் இடத்தைத் தவறவிட்டிருந்தது. வெட்டிய ‘ல்லை’யின் மேலேயே கொஞ்சம் தள்ளி இன்னொரு ‘ல்லை’ விழுந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பார்த்தால் எழுத்து எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது.

“என்னம்மா இது?” என்றார் டீச்சர்.

“ஏதோ சிக்னல் தப்பா வந்திருக்கு மேடம். வேற பலகை ஒண்ணு வாங்கி நானே...”

“நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கேன். தெரியலேன்னா தெரியலேன்னு முன்னாடியே சொல்லணும். இது விளையாட்டுச் சாமான்னு நீ சொல்லியிருந்தா நான் தேக்கைக் குடுத்திருப்பேனா?”

அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: “இன்ஜினியரிங் இல்ல. டிப்ளமாதான்.”

அந்த அம்மா புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். மகள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் காபி டம்ளர்களை வைத்துவிட்டு மாடிக்குப் போனார்கள்.

மறுநாள் பார்த்தால் அந்தப் பலகை கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. ஓடிப்போய் மாடிக் கதவைத் தட்டினேன்.

“வேற செஞ்சு தரேன். அதை எடுத்துடுங்க.”

“இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் பாத்தாத்தான் உனக்கும் கவனம் வரும்.”

வகுப்பில் தப்பாக எழுதிய பிள்ளையின் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுகிற பழக்கம் அவருக்கு ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், கூரியர் கொண்டு வருகிறவர், கீரைக்காரம்மா, எல்லோரும் அந்தப் பலகையைப் பார்த்து நின்றார்கள். கேட்டவர்களிடம் டீச்சர் மாடியிலிருந்தே பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் பெயர் வந்தது, என் படிப்பு வந்தது.

மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டேன். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை தானாக அணைவது, தெரியாமல் பின்னால் ஓடும் வேலைகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அப்படியும் நின்றது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். நின்றது. மோட்டார்களை ஓட்டும் போர்டை மாற்றினேன். ரூட்டரின் அதிர்வில் சுவிட்சுகள் தாமாக அழுந்துகின்றன என்று கணவர் சொன்னார். அவற்றைக் கழற்றிக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் முழுக்கத் தடங்கலின்றி ஓடும். மறுநாள் தொடங்கியதும் நிற்கும்.

ஒரு மத்தியானம் ரூட்டரைப் போடாமல் தலையை மட்டும் இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன். ஷெட் அமைதியாக இருந்ததால் சுவரோரக் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. டீச்சர் போர் மோட்டாரைப் போட்டிருந்தார். அதே நேரத்தில் திரையில் சிவப்பு வந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழித்துவிட்டுக் காத்திருந்தேன். தொட்டி நிரம்பி மோட்டார் அணைந்தபோது மறுபடி சிவப்பு.

போர்டு வேலை பார்த்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மோட்டார் போடும்போதும் அணைக்கும்போதும் வீட்டு ஒயர்களில் ஓர் உதறல் உண்டாகும். என் எல்லை சுவிட்சுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு நீளமாகப் போன சாதாரண ஒயர்கள் ஆன்டெனா மாதிரி அந்த உதறலைப் பிடித்தன. சுவிட்ச் அழுந்திவிட்டது என்று மென்பொருள் நம்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஷெட்டில் இருந்தபோது, மாடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா மோட்டாரைப் போட்டிருக்கிறார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தப்பு என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டால் பலகை இறங்கிவிடும் என்று நினைத்து மாடிக்கு ஓடினேன்.

“டீச்சர், காரணம் தெரிஞ்சுடுச்சு. உங்க மோட்டார் ஆன் ஆகும்போது என் மெஷின் நின்னுடுது. அன்னைக்கும் அதான் ஆயிருக்கு.”

“அப்ப என் மோட்டார்லதான் தப்புங்கறே.”

“அப்படி இல்ல. நான் ஒயரை மாத்தணும். அதுவரைக்கும் மோட்டார் போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்தீங்கன்னா நான் நிறுத்திக்கறேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என் வீட்டுல தண்ணி ஏத்த நான் உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?”

நான் இறங்கி வந்தேன். எதைக் கொண்டுபோய் யார் கையில் கொடுத்தேன் என்று இரண்டு நாளில் புரிந்தது.

ஷெட்டுக்கு நேர் மேலே அவருடைய ஹால். மோட்டார் சுவிட்ச் ஹாலைத் தாண்டி மாடிப்படி ஓரத்தில் இருந்தது. நான் ரூட்டரைப் போடுவேன். சத்தம் கிளம்பியதும் தலைக்கு மேல் காலடி நகரும். குழாயில் தண்ணீர் ஏறும். திரை சிவக்கும். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். ஒரு நாள் தொட்டி நிரம்பி மொட்டைமாடிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தபோதும் மோட்டார் வந்தது. போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். யு.பி.எஸ். கடைக்கு வெட்டிக்கொண்டிருந்த முகப்புத் தகடு குறுக்கே கிழிந்துபோயிற்று. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, நின்னுடுச்சா?” என்று கேட்டார்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அக்கறையாகக் கேட்கிற முகம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வைராக்கியமாக உட்கார்ந்தேன். மேலே உலோகவலை சுற்றிய ஷீல்டு ஒயர் வாங்கி வந்து, பழைய ஒயர்களையெல்லாம் உருவிப் போட்டேன். வலையை இரண்டு முனையிலும் எர்த்தில் சேர்த்தேன். முன்பைவிட மோசமாயிற்று. மோட்டார் போடாமலேகூட நின்றது. இணையத்தில் கேட்டேன். பனி பெய்கிற ஏதோ ஊரிலிருந்து ஒருவர், ஒரு முனையை மட்டும் சேர், மற்றதைச் சும்மா விடு என்று எழுதினார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு சுவிட்சின் ஒயரும் கம்ப்யூட்டருக்குள் போகும் இடத்தில், உதறலை உறிஞ்சிக்கொள்ள ஒரு சின்னக் கெபாசிட்டர் வைத்தேன். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வரும் சிக்னல்களைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளில் ஓர் அளவைக் கூட்டினேன். ரூட்டரின் கரண்ட் ஒயரைத் தனியாக வேறு பக்கம் இழுத்துக் கட்டினேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்த சமயம் அது. ரூட்டரைப் போட்டேன். காலடி நகர்ந்தது. குழாயில் தண்ணீர் ஏறியது. திரையில் ஒன்றும் வரவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லையே என்று அவர் யோசிப்பதற்குள் என் கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தியது. ரூட்டரையும் அணைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. மேலே காலடி நிதானமாகத் திரும்பிப் போய் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்போது தெரிந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன்.

“அப்பாடா. போய் சொல்லிடு, இனிமே நிக்காதுன்னு. அவங்களும் விட்டுடுவாங்க” என்றார்.

“சொல்லமாட்டேன்.”

“ஏன்?”

“இப்ப சுவிட்ச் என் கையில இருக்கு.”

அவருக்குப் புரியவில்லை. சில நாள் வீட்டில் இருந்து பார்த்த பிறகு புரிந்தது. நான் ரூட்டரைப் போட்டால் டீச்சர் எழுந்து நடக்க வேண்டும். அது என் வசம். சாப்பிட உட்காரும் சத்தம் கேட்கும், ரூட்டரைப் போடுவேன். மத்தியானம் படுப்பதற்குப் பாய் விரிப்பார், போடுவேன். சாயங்காலம் தொலைக்காட்சியில் அவருடைய தொடர் ஆரம்பித்து, யாரோ அழ ஆரம்பித்ததும் போடுவேன். பலகை எதுவும் வைக்காமல் வெறுமனே கூடப் போட்டிருக்கிறேன். காலடி சுவிட்சுக்குப் போகும், நான் நிறுத்துவேன், காலடி திரும்பும். அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார் என்று தோன்றும்போது மறுபடி போடுவேன். என் உண்மையான வேலைகளை அவர் கோயிலுக்கும் கடைக்கும் போகிற நேரத்தில் நிம்மதியாக முடித்துக்கொண்டேன்.

“அவங்களுக்கு முட்டி வலியாம். தைலம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றார் கணவர் ஒரு நாள்.

“வாங்கிக் குடுங்க.”

“நீ இதை விட்டுடு.”

“பலகையை எடுத்தா விடறேன்.”

பலகை இறங்கவில்லை. மாசியில் அவர் மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தார். நான் ரூட்டரைப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். நிரம்பிய தொட்டியில் மேலும் மேலும் தண்ணீர் ஏறி வழிந்தது. வடாம் கரைந்து வெள்ளையாக மழைக்குழாய் வழியாக முற்றத்தில் ஓடியது. வேலைக்கார அக்காவை அவர் திட்டுவது கேட்டது. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அக்கா கீழே வந்தபோது டீ போட்டுக் கொடுத்தேன். டீச்சர் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அந்த மாதங்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பங்குனி கடைசியில் தண்ணீர் குறைந்தது. தெருவில் இரண்டு வீட்டில் போர் வற்றிவிட்டது. எங்கள் குழாயிலும் செம்மண் கலங்கி வந்தது. மோட்டாரைக் கொஞ்ச நேரத்துக்குமேல் ஓட்டினால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வரும். தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிக்கனமாகப் புழங்கச் சொல்லி எங்களிடம் அவர்தான் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு, ரூட்டர் சத்தம் கேட்டதும் போய் மோட்டாரைப் போட்டார். நானும் ரூட்டரைப் போடுவதை நிறுத்தவில்லை.

“மோட்டார் போயிடும்” என்று கணவர் எச்சரித்தார்.

“போடறது நானா?”

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மோட்டார் நின்றுபோனது. அன்று தண்ணீர் ஏறும் சத்தம் வரவில்லை. மேலே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஃபியூஸ் போய்விட்டது.

மோட்டார் மெக்கானிக் ஆட்களோடு வந்தார். குழாயைக் கழற்றிக் கழற்றி மேலே இழுத்தார்கள். நடுவில் குழாய்க்குத் தாங்கல் கொடுக்க ஒரு கட்டை தேவைப்பட்டது. மெக்கானிக் சுற்றிப் பார்த்து, கேட்டோரம் தொங்கிய தேக்குப் பலகையை இறக்கி அடியில் கொடுத்தார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் குழாயின் பாரம் இறங்கி அது ‘ல்லை’யின் குறுக்கே பிளந்தது.

“இன்னாம்மா, தண்ணியே இல்லாம ஓட்டிகினு இருந்தீங்களா? உள்ள எல்லாம் கருகிப் பூடுச்சு” என்றார் மெக்கானிக்.

“தேவைக்குத்தான் போட்டேன்” என்றார் டீச்சர். நான் ஷெட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போரை இன்னும் ஆழப்படுத்திப் புது மோட்டார் இறக்குகிறவரை லாரித் தண்ணீர்தான். அதில் நானும்தான் பட்டேன். தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போனது. அதைவிட எரிச்சல், கணவர் தன் பங்குக்கு டீச்சருக்கும் மாடியேறிக் குடம் வைத்துவிட்டு வந்தது. டீச்சர் வாழ்த்துகிற குரல் கீழே வரைக்கும் கேட்கும். “உங்களை மாதிரி யார் இருப்பா” என்பார். அப்படிக் கேட்ட அன்றைக்கெல்லாம் நான் கணவரோடு பேசவில்லை.

புது மோட்டார் இறக்கிய நாளுக்காக நான் நீளமான வேலை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். ஆட்கள் முற்றத்தில் இருந்தார்கள். டீச்சரும் கீழே வந்து நின்றிருந்தார். நான் ரூட்டரைப் போட்டு வெட்டத் தொடங்கினேன். மெக்கானிக் மாடிக்குப் போய் சுவிட்சைப் போட்டார். குழாய் இருமி, செம்மண்ணைக் கக்கி, பிறகு தெளிவாகக் கொட்டியது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் ஷெட்டைப் பார்த்தார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் சரிபார்க்க மோட்டாரை அணைத்து அணைத்துப் போட்டார். மெஷின் நிற்கவில்லை. ஆட்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகு டீச்சர் ஷெட்டுக்குள் வந்தார். நான் ரூட்டரை அணைத்தேன்.

“நிக்கலையே” என்றார்.

“நிக்காது டீச்சர். ஒயரை மாத்திட்டேன்.”

“எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

அவர் யோசித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. “அதுக்கப்புறமும் நின்னுதே.”

“நான் நிறுத்தினேன்.”

அவர் நிமிர்ந்து ஷெட்டின் கூரையைப் பார்த்தார். பிறகு, “நான் மேல எழுந்து போறது உனக்குக் கேக்குமா?” என்று கேட்டார்.

“நல்லாக் கேக்கும்.”

அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி வலியாக இருக்கலாம். நான் நாற்காலி போடவில்லை. பல மாதமாக வாயில் வைத்திருந்த வார்த்தையை அப்போது சொன்னேன். “டிப்ளமாவுலேயே இதெல்லாம் சொல்லிக் குடுத்துடறாங்க டீச்சர்.”

சொன்ன பிறகு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. ஜில்லென்று மோர் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் பிறக்குமுன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். தெருவில் வேறு கதை போனது. நான் ஒயரில் ஏதோ கோளாறு பண்ணி அவருடைய மோட்டாரை எரித்துவிட்டேன் என்று. அடுத்த தெருவில் வீடு பார்க்கப் போனபோது புரோக்கரே கேட்டார்: “நீங்கதானே அந்த கரன்ட் வெச்ச அம்மா?” ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. கூடுவாஞ்சேரியில், லே-அவுட்டுகளுக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு வீட்டுக்குப் போனோம். மகளின் பள்ளி வேன் அங்கே வரை வராது. அவள் அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டாள். அந்த விலை எனக்குப் பெரிதுதான். இருந்தாலும் கொடுத்தேன்.

டெம்போவில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது டீச்சர் இறங்கி வந்தார். கடைசியாக மெஷின் ஏறியது. கயிற்றை நான்தான் கட்டினேன், மற்றவர்கள் கட்டினால் எனக்குத் திருப்தி இருக்காது. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“புது மோட்டார் போட்டதுலேருந்து டிவியில கோடு கோடா வருது. சத்தமும் கரகரங்குது. ஆளைக் கூப்பிட்டா டிவில ஒண்ணுமில்லேங்கறான்.”

நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.

“நீ அன்னைக்கு என்னமோ ஒயர் மாத்தினேன்னியே. அது மாதிரி ஏதாவதா?”

அவர் குரலில் அதிகாரம் இல்லை. ஆனால் கெஞ்சலும் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்கிற குரல் அது. அவருக்குப் பழக்கமில்லாத குரல். டிவியின் பிளக்கில் வைக்கும் சின்ன ஃபில்டர் ஒன்று போதும். என் டப்பாவிலேயே இரண்டு மூன்று இருந்தன. டப்பா டெம்போவில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“தெரியல டீச்சர். யாராவது இன்ஜினியரைக் கேட்டுப் பாருங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மெதுவாகப் படியேறினார். பிடிச்சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு ஃபில்டர் வெச்சா சரியாயிடும்ல?” என்று ஜி.எஸ்.டி. ரோடு வந்ததும் கணவர் கேட்டார்.

“ஆயிடும்.”

“குடுத்திருக்கலாம்.”

“குடுத்திருக்கலாம்” என்றேன். டிரைவரிடம், முன்னால் பள்ளம் வருகிறது, மெஷின் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று சொன்னேன்.